விறகு அறுக்க எந்த இயந்திர ரம்பம் ஏற்றது?

சவுக்குத் தோப்பு வெட்டுக்கு வந்துவிட்டால், கோடாலியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு பத்துப் பேர் வந்து இறங்கிய காலம் மாறிவிட்டது. இன்று ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் கூலி கட்டுவதில்லை. தென் மாவட்டங்களில் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கும், மானாவாரி நிலத்தில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலை அகற்ற நினைப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். ஆகவே 'செயின் சா' எனப்படும் இயந்திர ரம்பத்தின் பக்கம் விவசாயிகளின் பார்வை திரும்பியிருக்கிறது.

கடைக்குப் போனால் பத்தாயிரம் ரூபாய்க்கும் குறைவான விலையில் ஒன்று இருக்கிறது. அதைப்போல் நாலைந்து மடங்கு விலையிலும் ஒன்று இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எதை வாங்குவது என்று குழம்பும் விவசாயி, விலையையும், ஒட்டுச் சீட்டில் போட்டிருக்கும் 'சி.சி.' கணக்கையும் மட்டும் பார்த்து முடிவு செய்கிறார். இது சரியான முறை அல்ல. அறுக்கப் போகும் மரத்தின் பருமன் என்ன, ஆண்டுக்கு எத்தனை மணி நேர வேலை இருக்கிறது, சங்கிலியைத் தீட்டத் தெரிந்த ஆள் யார், இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே கடைக்குப் போக வேண்டும்.

இயந்திரத்தின் அமைப்பு

இயந்திர ரம்பம் என்பது ஒரு சிறிய பெட்ரோல் எஞ்சின், ஒரு நீளத் தகடு, அத்தகட்டின் விளிம்பைச் சுற்றி ஓடும் பல் வைத்த சங்கிலி ஆகிய மூன்றும் சேர்ந்தது. தகட்டை மெக்கானிக்குகள் 'பார்' என்பார்கள். எஞ்சினின் வேகம் கூடும்போது கிளட்ச் பிடித்து, பல்சக்கரம் சுழன்று சங்கிலியை இழுக்கிறது. முழு வேகத்தில் சங்கிலி விநாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகிறது. பாரும் சங்கிலியும் உரசித் தேயாமலிருக்க, தனித் தொட்டியிலிருந்து எண்ணெய் தானாகவே கசிந்துகொண்டிருக்கும்.

ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் என்பவர் 1926-ல் மின்சாரத்தால் ஓடும் ரம்பத்தையும், 1929-ல் பெட்ரோலில் ஓடும் ரம்பத்தையும் தயாரித்தார். அவற்றை இயக்க இருவர் தேவைப்பட்டது. சுவீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் 1959-ல் இத்தொழிலுக்கு வந்தது. இன்று ஒருவரே கையாளும் 4 கிலோ முதல் 7 கிலோ வரை எடையுள்ள இயந்திரங்கள் வந்துவிட்டன.

மூன்று தரங்கள்

விறகுக்கு உதவும் பெட்ரோல் ரம்பங்களை மூன்று தரமாகப் பிரித்துப் பார்ப்பது நலம்.

முதலாவது, 30 முதல் 40 சி.சி. வரையுள்ள சிறிய ரகம். ஸ்டீல் எம்.எஸ். 170 இதற்கு எடுத்துக்காட்டு. இதன் கொள்ளளவு 30.1 சி.சி.; திறன் ஒன்றரைக் குதிரைச் சக்திக்குச் சற்று அதிகம்; பாரும் சங்கிலியும் நீங்கலாக எடை 4 கிலோ அளவு. 12 அல்லது 14 அங்குல பார் போடலாம். கிளை கழிக்கவும், வீட்டு உபயோகத்துக்கு விறகு துண்டு போடவும், நாலைந்து அங்குலப் பருமனுள்ள கழிகளை அறுக்கவும் இது போதும். நாள் முழுதும் ஓட்டுவதற்கு உரியதல்ல.

இரண்டாவது, 45 முதல் 55 சி.சி. வரையுள்ள நடுத்தர ரகம். ஸ்டீல் எம்.எஸ். 250 என்பது 45.4 சி.சி., ஏறத்தாழ 3 குதிரைச் சக்தி, 4.6 கிலோ. ஹஸ்க்வர்னா 445 என்பது 45.7 சி.சி., 2.8 குதிரைச் சக்தி அளவு, 4.9 கிலோ. இவற்றில் 16 அல்லது 18 அங்குல பார் பொருத்தலாம். விவசாயிக்கு வேண்டிய விறகு வேலையில் பெரும்பகுதியை இந்த ரகமே செய்து முடிக்கும்.

மூன்றாவது, 70 சி.சி. அளவுள்ள பெரிய ரகம். ஸ்டீல் எம்.எஸ். 382 (72.2 சி.சி.), ஹஸ்க்வர்னா 372 (70.7 சி.சி.) ஆகியவை இவ்வகை. திறன் 5 குதிரைச் சக்திக்கு மேல். எடை 6 கிலோவைத் தாண்டும். பாரும் சங்கிலியும் பெட்ரோலும் சேர்ந்தால் கையில் 8 கிலோ அளவு தொங்கும். 20 முதல் 25 அங்குல பார் போட்டு, புளி, வாகை, வேம்பு போன்ற முதிர்ந்த மரங்களை அறுப்பதற்கு இது ஏற்றது. தினமும் இதே தொழிலாக இருப்பவருக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

சிறிய ரகத்துக்கும் நடுத்தர ரகத்துக்கும் எடையில் முக்கால் கிலோதான் வித்தியாசம். திறனோ ஏறத்தாழ இரு மடங்கு. நடுத்தரத்திலிருந்து பெரியதற்குப் போகும்போது திறனும் கூடுகிறது, எடையும் ஒன்றரைக் கிலோ கூடுகிறது, பெட்ரோல் செலவும் கூடுகிறது. முதல் முறையாக இயந்திரம் வாங்குபவர் நடுத்தர ரகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

சீட்டில் உள்ள சி.சி.

விலை குறைந்த இயந்திரங்கள் பலவற்றில் '58 சி.சி., 22 அங்குலம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கையேட்டில் சிலிண்டரின் உள்விட்டமும், பிஸ்டன் ஓடும் தூரமும் கொடுத்திருப்பார்கள். உள்விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, பிஸ்டன் தூரத்தாலும் பெருக்கி, பிறகு 0.785-ஆல் பெருக்கினால் உண்மையான கொள்ளளவு கிடைத்துவிடும். உள்விட்டம் 4.52 செ.மீ., ஓட்டம் 3.4 செ.மீ. என்றிருந்தால் கொள்ளளவு 54.5 சி.சி.தான், 58 அல்ல. கையேட்டில் இந்த அளவுகளே இல்லை என்றால் சீட்டை நம்புவதற்கு ஆதாரமும் இல்லை.

சி.சி.யை விட முக்கியமானது குதிரைச் சக்தி. ஒரே கொள்ளளவுள்ள இரண்டு எஞ்சின்களில் ஒன்று கூடுதல் திறனும் மற்றது குறைந்த திறனும் தரலாம். எனவே திறன், எடை, அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் அல்லது ரப்பர் அமைப்பு, சங்கிலி பிரேக், உதிரி பாகம் கிடைக்கும் ஊர் ஆகிய ஐந்தையும் கேட்டறிய வேண்டும்.

விலை குறைந்த இயந்திரம் எதுவுமே உதவாது என்று சொல்வதற்கில்லை. ஆண்டில் பத்து, இருபது மணி நேரம் மட்டும் வேலை உள்ளவருக்கு, பிரேக் நன்றாகப் பிடித்து, கார்புரேட்டரும் கிளட்சும் பக்கத்து ஊரில் கிடைக்குமானால் அது போதுமானதே. தொடர்ந்து ஓட்டுபவருக்கு, நடு வேலையில் நின்றுபோகும் இயந்திரம் மலிவானதல்ல. கூலி ஆட்களும் வண்டியும் காத்துக் கிடக்கும் ஒரு நாள் நஷ்டத்தையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பார் நீளம் எவ்வளவு?

நீளமான பார் இருந்தால் வேலை வேகமாக நடக்கும் என்பது தவறான எண்ணம். பார் நீள நீள, அதே எஞ்சின் அதிக நீளச் சங்கிலியை இழுக்க வேண்டியிருக்கிறது. தீட்ட வேண்டிய பற்களும் கூடுகின்றன. நுனி கண்ணுக்கு எட்டாமல் போய் ஆபத்தும் கூடுகிறது. வழக்கமாக அறுக்கும் மரத்தின் விட்டத்தை விட 2 அங்குலம் கூடுதலாக இருந்தால் போதும். எப்போதோ ஒரு முறை பருத்த மரம் வந்தால் இரு பக்கமிருந்தும் அறுத்துச் சமாளிக்கலாம். 45 சி.சி. இயந்திரத்துக்கு 22 அங்குல பார் என்பது ஒற்றை மாட்டை இரட்டை மாட்டு வண்டியில் பூட்டுவது போன்றது.

எந்த மரத்துக்கு எது?

சவுக்கு: மூன்று, நான்கு ஆண்டில் வெட்டப்படும் சவுக்கின் அடிமரம் பெரும்பாலும் 5, 6 அங்குல விட்டத்துக்கு மேல் போவதில்லை. மரம் கடினமானது, ஆனால் நேரானது. எண்ணிக்கைதான் அதிகம். ஆகவே எடை குறைவான நடுத்தர இயந்திரமும் 16 அங்குல பாரும் போதும். வெட்டிய உடனே, ஈரம் இருக்கும்போதே துண்டு போட்டுவிட வேண்டும். காய்ந்து இறுகிய பிறகு அறுத்தால் சங்கிலி சீக்கிரம் மழுங்கும்.

சீமைக் கருவேல்: இம்மரங்களை அகற்றுமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் உத்தரவிட்ட பிறகு, இதை அறுப்பதற்கென்றே இயந்திரம் வாங்கியவர்கள் உண்டு. பல தண்டுகளாகப் பிரிந்து வளைந்து வளரும் இம்மரத்தில் முள்ளும் இழுவிசையும் சேர்ந்திருக்கின்றன. அடியில் மண் ஒட்டியிருக்கும். ஓடும் சங்கிலி ஒரு விநாடி மண்ணைத் தொட்டாலே பற்களின் கூர் போய்விடும். ஆகவே தரையோடு தரையாக அறுக்க முயலக் கூடாது. ஓரடி, ஒன்றரை அடி உயரம் விட்டு அறுத்தால் சங்கிலியும் பிழைக்கும். பிறகு பொக்லைன் கொண்டு தூரைப் பிடுங்குவதற்கு அக்கட்டையே பிடியாகவும் உதவும். தூரைப் பிடுங்காமல் அறுப்பது மட்டும் செய்தால் கருவேல் ஒழியாது. அடுத்த மழையில் முன்னிலும் அடர்ந்து துளிர்க்கும் என்பதை மறக்கக் கூடாது.

தென்னை: 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, இயந்திர ரம்பத்தின் அருமையைப் பலரும் உணர்ந்தார்கள். தென்னையின் வெளிப்புறம் கடினம், உட்புறம் மென்மை. நார் மிகுதி என்பதால் பல்சக்கரத்தின் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும். 18 அங்குல பார் போட்ட நடுத்தர இயந்திரம் போதும். அடிக்கடி நிறுத்தி, மூடியைக் கழற்றி நாரை எடுத்துவிட வேண்டும்.

முதிர்ந்த புளி, வேம்பு: இரண்டடிப் பருமனுள்ள மரம் ஒன்றிரண்டுக்காகப் பெரிய இயந்திரம் வாங்குவது வீண். பழகிய ஆளை இயந்திரத்தோடு வாடகைக்கு அழைப்பதே சிக்கனம்.

தீட்டுவதில்தான் வேலை

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டும் தொழிலாளி, 1946-ல் ஒரு மரத்தில் வண்டுப் புழு துளைத்துச் செல்வதைக் கவனித்தார். அதன் வாய் உறுப்புகள் இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைச் சீவுவதைக் கண்டு, அதே முறையில் சங்கிலிப் பல்லை அமைத்தார். இன்று எல்லா ரம்பங்களிலும் உள்ள சங்கிலி அதன் வழி வந்ததே. பல் மரத்தைச் சுரண்டுவதில்லை, உளிபோலச் சீவுகிறது. உளி மழுங்கினால் தச்சர் என்ன செய்வாரோ அதையே இங்கும் செய்ய வேண்டும்.

கூர் இருக்கிறதா என்பதைத் தூளே சொல்லிவிடும். அரிசி அளவிலான சீவல்கள் விழுந்தால் சங்கிலி கூராக இருக்கிறது. மாவுபோல் பொடியாக விழுந்தால், அல்லது கையால் அழுத்தினால்தான் அறுக்கிறது என்றால், தீட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. மழுங்கிய சங்கிலியோடு போராடினால் பெட்ரோல் வீணாகும், பார் சூடேறும், ஆளும் களைப்பார். கூரான சங்கிலி பூட்டிய 45 சி.சி. இயந்திரத்தின் முன் மழுங்கிய 70 சி.சி. நிற்காது.

தீட்டுவதற்கு உருட்டு அரம் வேண்டும். சங்கிலியின் அளவுக்கேற்ப அரத்தின் பருமன் மாறும். சிறிய இயந்திரங்களில் உள்ள குட்டையான 3/8 அங்குலச் சங்கிலிக்கு 4 மி.மீ. அரம், நடுத்தரத்தில் உள்ள 0.325 அங்குலச் சங்கிலிக்கு 4.8 மி.மீ.; பெரிய 3/8 அங்குலச் சங்கிலிக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. கையேட்டில் பார்த்து வாங்குவது நல்லது. பல்லின் மேல் வரைந்துள்ள கோட்டை ஒட்டி, பொதுவாக 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியே தள்ளி மட்டும் தீட்ட வேண்டும். இழுக்கும்போது அரம் பல்லில் படக் கூடாது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இரண்டு மூன்று தள்ளல் போதும். ஒரு பக்கப் பற்கள் நீண்டும் மறுபக்கம் குறுகியும் இருந்தால் ரம்பம் கோணலாக ஓடும். ஒவ்வொரு முறை பெட்ரோல் நிரப்பும்போதும் இதைச் செய்வதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பல்லுக்கு முன்னால் உள்ள சிறு முனை, பல் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அது பல்லின் உச்சியை விட சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். நாலைந்து முறை தீட்டிய பிறகு, அளவுத் தகடு வைத்துப் பட்டை அரத்தால் இதைச் சரி செய்ய வேண்டும். வேகமாக அறுக்கும் என்று நினைத்து அதிகமாகத் தாழ்த்திவிட்டால் இயந்திரம் உதறும். கையை மீறித் துள்ளும்.

பெட்ரோலும் எண்ணெயும்

இந்த எஞ்சினுக்குத் தனியாக ஆயில் சம்ப் கிடையாது. பெட்ரோலோடு கலக்கும் டூ ஸ்ட்ரோக் எண்ணெயே உள் உறுப்புகளைக் காக்கிறது. நிறுவனம் குறிப்பிடும் எண்ணெயானால் பெரும்பாலும் 50 பங்குக்கு ஒரு பங்கு. அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி. வேறு எண்ணெயானால் கையேட்டில் உள்ள கூடுதல் அளவைக் கலக்க வேண்டும். 'கண் அளவு' கலவைதான் பல எஞ்சின்களுக்கு எமனாகிறது. எண்ணெய் கலக்காத வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் பிஸ்டன் சில நிமிடங்களிலேயே உரசிப் பழுதாகிவிடும்.

இப்போது பெட்ரோல் நிலையங்களில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். வாங்கும் இயந்திரம் இந்தப் பெட்ரோலை ஏற்குமா என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வேலை முடிந்து எடுத்து வைக்கும்போது, தொட்டியைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட்டிவிட வேண்டும்.

சங்கிலி எண்ணெய்க்குப் பதிலாக வண்டிகளில் வடித்த பழைய ஆயிலை ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. அதில் கலந்திருக்கும் உலோகத் துகள் எண்ணெய் பம்ப்பையும் பாரையும் தேய்த்துவிடும். பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் இந்தத் தொட்டியையும் நிரப்ப வேண்டும்.

சொந்தமா, வாடகையா?

கணக்கு எளிது. இயந்திரத்தின் விலை 36,000 ரூபாய் என்றும், ஆறு ஆண்டு உழைக்கும் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குத் தேய்மானம் 6,000 ரூபாய். ஆண்டில் 20 மணி நேரம் மட்டும் ஓட்டினால் ஒரு மணிக்கு 300 ரூபாய் தேய்மானமாகவே போய்விடும். 150 மணி நேரம் ஓட்டினால் அது 40 ரூபாயாகக் குறையும். பெட்ரோல், எண்ணெய், சங்கிலி, கூலி ஆகியவை இதற்கு மேல். இவற்றைக் கூட்டி, தம் ஊர் வாடகையோடு ஒப்பிட்டால் முடிவு தெரிந்துவிடும்.

நான்கு ஆண்டுக்கு ஒரு முறை இரண்டு ஏக்கர் சவுக்கு வெட்டுபவருக்குச் சொந்த இயந்திரம் கட்டாது. நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். ஆனால் ஓட்டவும் தீட்டவும் ஒருவரே பொறுப்பாக இருக்க வேண்டும். எல்லோரும் ஓட்டி, யாரும் தீட்டாத பொது இயந்திரம் ஓர் ஆண்டு தாங்காது. வீட்டு முற்றத்திலோ விறகுக் கடையிலோ, மின் இணைப்பு உள்ள ஒரே இடத்தில் துண்டு போடுவதற்கு மின்சார ரம்பமே போதும். அதற்குப் பெட்ரோல் கலவைத் தொல்லை இல்லை, சத்தமும் குறைவு.

கால் போனால் வராது

கோடாலி தவறினால் ஒரு வெட்டு. இயந்திர ரம்பம் தவறினால் விநாடிக்கு 20 மீட்டர் ஓடும் பற்கள் சதையைக் கிழித்துவிடும். மிகப் பெரிய ஆபத்து 'எகிறுதல்'. பாரின் நுனியில் மேல் கால் பகுதி மற்றொரு கட்டையிலோ கிளையிலோ பட்டால், ரம்பம் கண்மூடித் திறப்பதற்குள் முகத்தையோ கழுத்தையோ நோக்கித் தூக்கி எறியப்படும். குவியலாகக் கிடக்கும் விறகை அறுக்கும்போது இது எளிதில் நேரும். ஆகவே கட்டைகளை ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறி வடிவத் தாங்கியில் வைத்தே அறுக்க வேண்டும்.

முன் கைப்பிடிக்கு மேல் உள்ள தடுப்பே சங்கிலி பிரேக். வாங்குவதற்கு முன் எஞ்சினை ஓட்டச் செய்து, அத்தடுப்பை மணிக்கட்டால் முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். சங்கிலி அக்கணமே நிற்க வேண்டும். நிற்காத இயந்திரத்தை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. அதுபோல், மெதுவாக ஓடும் நிலையில் சங்கிலி நகரவே கூடாது.

இரண்டு கையாலும், இடது கட்டை விரல் கைப்பிடியைச் சுற்றியிருக்குமாறு பிடிக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது. ஏணியில் நின்றும், மரத்தில் ஏறியும் பழகாதவர் அறுக்கக் கூடாது. வேட்டி, லுங்கி, தோளில் துண்டு ஆகியவை உதவா. ஒட்டிய கால்சட்டையும் மூடிய காலணியும் வேண்டும். கண்ணாடி, காது அடைப்பான், தலைக்கவசம், சங்கிலியைத் தடுக்கும் நார் அடுக்கு வைத்த கால் கவசம் ஆகியவற்றை இயந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். மிளார் பொறுக்கும் பெண்களும் சிறுவர்களும் 15 அடிக்குள் வரக் கூடாது. நின்ற மரத்தைச் சாய்க்கும்போது, மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தூரத்துக்குள் எவரும் இருக்கக் கூடாது.

வளைந்து விறைத்திருக்கும் கருவேல் தண்டில், உட்புறமாக அமுங்கியிருக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்த பிறகே, இழுபட்டிருக்கும் பக்கத்தை அறுக்க வேண்டும். இழுபட்ட பக்கத்தை முதலில் தொட்டால் தண்டு பிளந்து அறுப்பவரை அடிக்கும். இரு முனையும் தாங்கியிருக்கும் கட்டையை மேலிருந்து தொடங்கிக் கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை அந்தரத்தில் நிற்கும் கட்டையைக் கீழிருந்து தொடங்கி மேலிருந்து முடிக்க வேண்டும். முறை மாறினால் பார் சிக்கிக்கொள்ளும். தனியாக எவரும் இவ்வேலைக்குப் போகக் கூடாது.

கடைசியாக ஒன்று. கண்மாய், ஏரி, சாலையோரப் புறம்போக்கு மரங்களை அனுமதியின்றி அறுப்பது குற்றம். சொந்த நிலமானாலும் சந்தனம், தேக்கு போன்றவற்றுக்கு முன்னதாக வனத்துறையைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

ஆக, பெரும்பாலான விவசாயிகளுக்கு ஏற்றது 45 முதல் 55 சி.சி. வரையுள்ள, 16 அல்லது 18 அங்குல பார் கொண்ட, பிரேக் பிடிக்கும், உதிரி பாகம் அருகில் கிடைக்கும் இயந்திரமே. அதோடு இரண்டு சங்கிலி, ஓர் உருட்டு அரம், ஒரு பட்டை அரம், ஒரு கால் கவசம் சேர்த்து வாங்க வேண்டும். கையிருப்புப் பணம் இவ்வளவுக்கும் எட்டவில்லை என்றால் குறைக்க வேண்டியது சி.சி.யைத்தான், கவசத்தையும் அரத்தையும் அல்ல.